வீட்டுச் சுவரிலிருந்து கல்லூரிச் சுவருக்கு: குடும்பப் படக் கண்காட்சி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வோர் ஆண்டும் பொங்கல் விடுமுறை முடிந்து மாணவர்கள் திரும்பியதும் எங்கள் கல்லூரிக் காட்சிக்கூடத்தில் ஒரு புகைப்படக் கண்காட்சி வைக்கிறோம். பொருள் எப்போதும் ஒன்றுதான்: குடும்பமும் நினைவும். மாணவர்கள் ஊருக்குப் போய், பீரோவுக்கு மேலேயும் டிரங்குப் பெட்டிக்குள்ளேயும் கிடக்கும் பழைய படங்களைத் தேடி எடுத்து, வீட்டுப் பெரியவர்களிடம் அவற்றைப் பற்றிப் பேசி, படத்தையும் பேச்சையும் சேர்த்துக் கொண்டுவருகிறார்கள். அவர்களே வீட்டில் எடுத்த புதுப் படங்களும் உண்டு. தென்மாவட்டக் கல்லூரி என்பதால் மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம், விருதுநகர்ப் பக்கத்துக் குடும்பங்கள்தான் அதிகம். மாணவர்களும் பெற்றோரும் பார்க்க வருகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். இதை நடத்துகிற ஆசிரியர் நான்தான் என்பதால் என் சொந்த அபிப்பிராயங்களும் நடுவில் வரும்.

கண்காட்சி என்றால் பெரிய போட்டோகிராபர்கள் எடுத்த படங்கள் இருக்கும். வீட்டு போட்டோவில் பார்க்க என்ன இருக்கிறது?

போன முறை வந்த ஒரு படத்தைச் சொல்கிறேன். சடங்கான பெண்ணை ஸ்டூடியோவில் நிற்கவைத்து எடுத்தது. அவளுக்குப் பின்னால் ஒரு நிலைக்கண்ணாடி. பெண் நம்மைப் பார்க்கிறாள். கண்ணாடியில் அவளுடைய சடை தெரிகிறது. உச்சியிலிருந்து குஞ்சலம் வரை பூ வைத்துத் தைத்த சடை. அதைத் தைத்து முடிக்க அரை நாள் ஆகும். முன்னால் நின்று எடுத்தால் அது படத்தில் விழாது, அதற்குத்தான் கண்ணாடி. நம் ஊர் ஸ்டூடியோக்கள் பலவற்றில் இதற்கென்றே ஒரு கண்ணாடி கிடந்தது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு படம் இருக்கலாம்.

படத்தைக் கொண்டுவந்த மாணவி தன் அப்பத்தாவிடம் கேட்டிருக்கிறாள். அப்பத்தா சொன்னது இவ்வளவுதான்: "அந்தச் சங்கிலி எங்க பெரியம்மா கழுத்துல கெடந்தது. போட்டோவுக்குன்னு கழட்டிப் போட்டுவிட்டாக. வெளிய வந்ததும் வாங்கிக்கிட்டாக." இதைக் கேட்ட பிறகு படத்தைத் திரும்பப் பாருங்கள். அந்தப் பெண்ணின் வலது கை சங்கிலியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. நான் அந்தப் படத்தைப் பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன். கையைக் கவனித்தது அப்புறம்தான். பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்களுக்கு நான் காட்டுவது இந்தக் கையைத்தான்.

வீட்டுப் படங்களிலிருந்து பெரிய கலைப்படைப்பு பிறந்ததும் உண்டு. ஓவியர் அம்ரிதா ஷேர்கிலின் தந்தை உம்ராவ் சிங், வாழ்நாள் முழுக்கத் தன்னையும் மனைவியையும் மகள்களையும் வீட்டுக்குள் வைத்துப் படம் எடுத்துக்கொண்டே இருந்தவர். அவருடைய பேரன் விவான் சுந்தரம் 2001ஆம் ஆண்டுவாக்கில் அந்தப் படங்களைக் கணினியில் ஒன்றோடொன்று சேர்த்து, வெவ்வேறு காலத்தில் இருந்த குடும்பத்தினரை ஒரே அறையில் சந்திக்கவைத்தார். தாத்தாவின் ஆல்பத்தில் பேரனுக்கு அவ்வளவு வேலை இருந்தது.

நம் ஊர்க் குடும்பங்கள் எப்போதிலிருந்து படம் எடுத்துக்கொள்கின்றன?

கேமரா இங்கே சீக்கிரமே வந்துவிட்டது. பாரிசில் புகைப்படக்கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839இல். சென்னையில் 1850இல் கலைப்பள்ளியைத் தொடங்கிய அலெக்சாண்டர் ஹன்டர், 1856இல் மெட்ராஸ் போட்டோகிராபிக் சொசைட்டியையும் தொடங்கினார். 1858இல் ஆங்கிலேயப் புகைப்படக்காரர் லின்னேயஸ் டிரைப் மதுரை, தஞ்சாவூர்க் கோயில்களைப் படமெடுத்தார். அந்தப் படங்களில் கோபுரமும் மண்டபமும் தெளிவாக இருக்கும், ஆட்கள் அநேகமாக இருக்க மாட்டார்கள். அசையாமல் நின்றால்தான் படத்தில் விழலாம் என்ற காலம் அது.

குடும்பங்கள் கேமரா முன்னால் வந்தது ஸ்டூடியோக்கள் வந்த பிறகு. முதலில் நகரத்தில், அப்புறம் ஊர் ஊராக. வரைந்த திரைச்சீலை, பூச்சாடி வைத்த மேசை, கைப்பிடி நாற்காலி, சில இடங்களில் இரவல் கோட்டும் கைக்கடிகாரமும். வீட்டுக்கே கேமரா வந்தது அதற்கும் பிறகு. அக்பா கிளிக் 3 என்ற பெட்டிக் கேமரா பலருக்கு ஞாபகம் இருக்கும். ஒரு ரோலுக்கு 12 படம். ஊட்டியில் 1960இல் தொடங்கப்பட்ட அரசு நிறுவனமான இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிம் தயாரித்தது. உங்கள் அப்பாவின் பள்ளிக்கூட குரூப் போட்டோ அந்த ஃபிலிமில் எடுத்ததாக இருக்கலாம்.

ஆனால் எல்லாக் குடும்பமும் எடுத்துக்கொள்ளவில்லை. காசு வேண்டும், டவுனுக்குப் போக வேண்டும், போட்டுக்கொள்ள நல்ல துணி வேண்டும். போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்ற பயமும் இருந்தது. கூலி வேலைக்குப் போன குடும்பங்களில் பல பாட்டிமாருக்கு வாழ்நாளில் எடுத்த ஒரே படம் வாக்காளர் அடையாள அட்டைக்கு எடுத்ததுதான். அந்த அட்டை 1993இல் வந்தது. கூச்சத்தோடு, வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, அடுத்தவர் காத்திருக்க அவசரமாக எடுத்த அந்தத் தபால்தலை அளவுப் படத்தைத்தான் இறந்த பிறகு பெரிதாக்கி மாலை போட்டிருக்கிறார்கள். எங்கள் கண்காட்சியில் ஒரு சுவர் முழுக்க அடையாள அட்டைப் படங்கள்தான். வருகிறவர்கள் அதிக நேரம் நிற்பதும் அங்கேதான்.

எங்கள் வீட்டில் ஒரு படம்கூட இல்லை. நான் கலந்துகொள்ளலாமா?

கண்டிப்பாக. இந்தக் கேள்வியைத் தயங்கித் தயங்கிக் கேட்கிற மாணவர்கள்தான் பெரும்பாலும் நல்ல காட்சியைக் கொண்டுவருகிறார்கள்.

ஒருவர் தன் வீட்டுப் பித்தளைக் குடத்தின் கழுத்தை மட்டும் நெருங்கி எடுத்தார். பாத்திரக்கடையில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டிக் கொடுப்பார்களே, அந்த எழுத்து. அய்யாவின் பெயர், ஒரு தேதி, ஊர்ப் பெயர். கல்யாணச் சீராக வந்த குடம். அய்யாவுக்குப் படம் கிடையாது; குடத்தில் பெயர் இருக்கிறது. தேய்த்துத் தேய்த்து இரண்டு எழுத்து மங்கிவிட்டது. கதவு நிலையில் பிள்ளைகளின் உயரத்தைக் கோடு போட்டு வைத்திருந்ததை ஒருவர் எடுத்தார். இதெல்லாம் குடும்பப் படங்கள்தான்.

இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் வளர்ந்த ஒரு மாணவி கொண்டுவந்தது ஒரு நோட்டுத்தாள். ஆல்பம் ஊரிலேயே நின்றுவிட்டது. அவளுடைய அம்மா அதில் இருந்த ஒரு படத்தை ஞாபகத்திலிருந்து பேனாவால் வரைந்து கொடுத்தார். ஒரு செவ்வகம், உள்ளே ஐந்து வட்டம். ஒவ்வொரு வட்டத்துக்கும் கீழே: "அப்பா", "அம்மா", "பெரியண்ணா", "நான்", "தம்பி, கையில் பந்து". அந்தத் தாளைச் சட்டம் போட்டு மாட்டினோம். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் 2017 முதல் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் பிள்ளைகளின் படங்களைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு படம் எவ்வளவு கனமான பொருள் என்று அந்த மாணவியின் வீட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டால் "அதெல்லாம் மறந்து போச்சு" என்கிறார்கள். எப்படிப் பேசவைப்பது?

"உங்கள் நினைவுகளைச் சொல்லுங்கள்" என்று கேட்டால் யாருக்கும் எதுவும் வராது. எனக்கும் வராது. படத்தைக் கையில் கொடுத்துச் சின்ன விஷயத்தைக் கேளுங்கள். இந்தச் சேலை என்ன கலர்? யாரு வாங்கிக் குடுத்தது? கறுப்பு வெள்ளைப் படம் என்றால் இந்தக் கேள்வி தவறவே தவறாது. அரக்கு, மாம்பழக் கலர், கிளிப்பச்சை என்று உடனே பதில் வரும், அதன் பின்னாலேயே கடையும் விலையும் சண்டையும் வரும். ஸ்டூடியோவுக்கு எப்படிப் போனீர்கள், நடந்தா, வண்டியிலா? போய்விட்டு எங்கே சாப்பிட்டீர்கள்? படத்தில் இருக்க வேண்டிய யார் அன்றைக்கு வரவில்லை? இந்தக் கடைசிக் கேள்வியைக் கடைசியிலேயே கேளுங்கள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கேளுங்கள். செல்போனில் பதிவு செய்வதாக இருந்தால் முதலில் சொல்லிவிட்டு, போனைக் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் கவிழ்த்து வையுங்கள். டிவியை நிறுத்தச் சொல்லுங்கள், மின்விசிறியைக் குறையுங்கள். அதன் இரைச்சல் பேச்சை மூடிவிடும். இரண்டு பெரியவர்கள் சேர்ந்து உட்கார்ந்தால் இன்னும் நல்லது. ஒருவர் சொல்வதை இன்னொருவர் "இல்ல, அது சித்திரையில" என்று திருத்துவார். அந்தத் திருத்தத்தில்தான் பல சங்கதி வெளியே வரும். யார் சொல்வது சரி என்று நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம், இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சரி, உண்மையிலேயே யாருக்கும் அடையாளம் தெரியாவிட்டால்? ஊரில் அவர் வயதுக்காரர் ஒருவராவது இருப்பார். அவரிடம் போங்கள். படத்தில் இருக்கும் முகத்துக்குப் பெயர் சொல்லத் தெரிந்த கடைசி ஆள் இருக்கும்வரைதான் அது உங்கள் குடும்பப் படம். அவர் போய்விட்டால் அது யாரோ நான்கு பேர் நிற்கும் ஒரு அட்டை. இந்தக் கண்காட்சியை விடாமல் நடத்துவதற்கு எனக்கு இருக்கும் ஒரே காரணம் இதுதான்.

படம் எந்த ஆண்டில் எடுத்தது என்று தெரியவில்லை. கண்டுபிடிக்க வழி இருக்கிறதா?

முதலில் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். ஸ்டூடியோ முத்திரை, யாருக்கோ எழுதிய இரண்டு வரி, சில கலர் பிரிண்டுகளில் அச்சான தேதி, எதுவும் இருக்கலாம். அட்டையில் ஒட்டிய பழைய படங்களில் கீழ் ஓரத்தில் ஸ்டூடியோவின் பெயரும் ஊரும் அழுத்தி அச்சிட்டிருப்பார்கள். இப்படித்தான் ஒரு மாணவர் தன் பூட்டன் படத்தில் 'ரங்கூன்' என்ற சொல்லைக் கண்டுபிடித்தார். தங்கள் குடும்பத்தில் ஒருவர் பர்மாவில் இருந்தார் என்பதே அவர் அப்பாவுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அப்புறம் மடியில் இருக்கும் குழந்தையைப் பாருங்கள். அது யார், எந்த வருடம் பிறந்தது என்று தெரிந்தால் ஒரு வருட வித்தியாசத்துக்குள் வந்துவிடலாம். பெரியவர்கள் ஆண்டு எண் சொல்ல மாட்டார்கள், சம்பவம் சொல்வார்கள். இராமேசுவரம் பக்கம் "புயலுக்கு முந்தி, புயலுக்குப் பிந்தி" என்பார்கள். அது 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல். "எம்ஜிஆர் செத்தன்னைக்கு இவனுக்கு மொட்டை போட்டிருந்துச்சு" என்றால் 1987 டிசம்பர். படத்தின் ஓரம் பல் பல்லாக வெட்டியிருந்தால் பெரும்பாலும் நாற்பதுகளிலிருந்து அறுபதுகள் வரை எடுத்ததாக இருக்கும். உறுதியாகத் தெரியாவிட்டால் 'சுமார் 1960' என்று எழுதுங்கள்.

படத்தில் ஒருவரை வெட்டி எடுத்திருக்கிறார்கள். அதைக் காட்சிக்கு வைக்கலாமா?

இப்படிப்பட்ட படங்கள் எல்லா ஆண்டும் வருகின்றன. ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொண்ட அத்தை, பங்காளித் தகராறில் பிரிந்த சித்தப்பா, இரண்டாவது மனைவி. சில படங்களில் முகத்தை மட்டும் பிளேடால் சுரண்டியிருப்பார்கள். வெட்டிய இடத்தைக் கணினியில் நிரப்பி ஒழுங்காக்க வேண்டாம். வெட்டியதும் அந்தக் குடும்பம் செய்த காரியம், அதுவும் படத்தில் இருக்கட்டும்.

ஆனால் உயிரோடு இருப்பவர்களைப் பற்றியது என்றால் நீங்கள் மட்டும் முடிவு செய்யக் கூடாது. வீட்டில் ஒருவர் வேண்டாம் என்று சொன்னாலும் நாங்கள் மாட்டுவதில்லை. ஒரு முறை திறப்பு விழாவுக்கு முந்தின நாள் மாலை ஒரு அம்மா போன் செய்து அழுதார். படத்தை இறக்கிவிட்டோம். அந்த இடத்தை வேறு எதையும் வைத்து நிரப்பவில்லை.

இறந்தவரை நாற்காலியில் உட்காரவைத்து எடுத்த படம் இருக்கிறது. கொண்டுவரலாமா?

கொண்டுவாருங்கள். பலர் வெட்கப்படுகிறார்கள், தேவையில்லை. உயிரோடு இருக்கும்போது ஒரு படம்கூட எடுக்க முடியாத குடும்பங்கள், முகத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளக் கடைசி நேரத்தில் போட்டோகாரரைக் கூட்டிவந்தார்கள். குளிப்பாட்டி, மாலை போட்டு, நாற்காலியோடு சேர்த்துத் துணியால் கட்டி, சுற்றிலும் பிள்ளைகள் நின்று எடுத்த படங்கள் தமிழ்நாட்டில் நிறைய உண்டு. இவற்றைத் தனியாக உள் அறையில் வைக்கிறோம். வாசலில் என்ன படங்கள் என்று எழுதியிருக்கும். பார்க்க விரும்பாதவர்கள் தாண்டிப் போகலாம். அந்த அறையில் செல்போனில் படம் எடுக்க அனுமதி இல்லை.

பழைய படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. பிரிக்கலாமா? லேமினேஷன் செய்தால் பத்திரமாக இருக்குமா?

இரண்டுக்கும் பதில்: வேண்டாம்.

கறுப்பு வெள்ளைப் படத்தில் உருவத்தைத் தாங்கி நிற்பது ஜெலட்டின் என்ற மெல்லிய பசைப்படலம். அதற்குள் வெள்ளித் துகள்கள். மழைக்கால ஈரத்தில் ஜெலட்டின் இளகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்கிறது. இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். சட்டத்தைப் பின்பக்கமாகக் கழற்றி, கண்ணாடியைத் துடைத்து, கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள். அது போதும்.

லேமினேஷன் செய்வது சூடும் பசையும் சேர்த்து நிரந்தரமாக மூடிவிடுவது. பிறகு எடுக்கவே முடியாது. ரேஷன் கார்டுக்கு அது சரி, தாத்தா படத்துக்குச் சரியில்லை.

எழுபது, எண்பதுகளின் கலர் படங்கள் செக்கச் சிவந்து போயிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கலர் படத்தில் வெள்ளி கிடையாது, சாயம்தான். அந்தக் காலத்துத் தாள்களில் நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்கியதால் சிவப்பு மட்டும் தூக்கலாக நிற்கிறது. கறுப்பு வெள்ளைப் படம் பழுப்பாவதற்குப் பெரும்பாலும் காரணம், படத்தைக் கழுவிய நாளில் ஹைப்போ என்ற ரசாயனத்தைத் தண்ணீரில் சரியாக அலசாமல் விட்டது. அவசரக் கல்யாண ஆர்டர்களில் இது நடக்கும் என்று பழைய ஸ்டூடியோக்காரர்களே சொல்வார்கள்.

பசை தடவிய பக்கத்தின் மேல் பிளாஸ்டிக் தாள் மூடும் ஆல்பங்களிலிருந்து படங்களை வெளியே எடுத்துவிடுவது நல்லது. வராமல் அடம்பிடித்தால் பல்லிடுக்கு சுத்தம் செய்யும் நூலைப் படத்துக்கு அடியில் விட்டு, மெதுவாக அறுப்பதுபோல் இழுங்கள். கிழியும்போல் தோன்றினால் விட்டுவிட்டு ஸ்கேன் மட்டும் செய்யுங்கள். பின்பக்கம் பெயர் எழுதப் பேனா வேண்டாம். 2பி பென்சிலால் ஓரத்தில், அழுத்தாமல் எழுதுங்கள். சந்தனம், குங்குமம் வைப்பதாக இருந்தால் கண்ணாடி மேல் வையுங்கள். படத்தின் மேலேயே வைத்த பொட்டு நெற்றியை அரித்து ஓட்டையாக்கிய படங்கள் எங்களிடம் வந்திருக்கின்றன. விளக்குப் புகை நேராகப் படுகிற இடத்தில் மாட்டாதீர்கள்.

ஸ்கேன் 600 டிபிஐயில் வேண்டும். பாஸ்போர்ட் அளவுப் படம் என்றால் 1200. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

ஏஐ செயலியில் கலர் கொடுத்து, முகத்தைத் தெளிவாக்கிக் கொண்டுவரலாமா?

இதில் நான் கொஞ்சம் கறார். காரணம் சொல்கிறேன்.

என் அம்மாச்சிக்கு ஒரே ஒரு படம்தான் இருந்தது. வடித்த காதில் தண்டட்டி, ரவிக்கை போடாமல் கண்டாங்கிச் சேலை, வீட்டுத் திண்ணை. அவர் இறந்ததும் பெரிதாக்க ஒரு கடையில் கொடுத்தோம். திரும்பி வந்த படத்தில் அம்மாச்சிக்கு ஜாக்கெட் போட்டிருந்தார்கள். சேலை பட்டாகியிருந்தது. தொங்கிய காதை மேலே ஏற்றிச் சின்னக் கம்மல் வைத்திருந்தார்கள். நெற்றியில் இல்லாத பொட்டு. கௌரவமாக இருக்கட்டும் என்று நல்ல எண்ணத்தில் செய்ததுதான். மூலப்படத்தைக் கேட்டோம், தேடிப் பார்க்கிறோம் என்றார்கள், கிடைக்கவில்லை. இன்றைக்கு என் வீட்டில் இருக்கும் படத்தைப் பார்த்து என் பிள்ளைகள் அதுதான் அம்மாச்சி என்று நினைக்கிறார்கள். அந்தக் காதைப் பார்த்த கண்கள் இனி ஐந்தாறுதான் மிச்சம்.

செயலியும் அதைத்தான் செய்கிறது. மங்கிய முகத்தில் இல்லாத தகவலை அது வேறு ஆயிரம் முகங்களிலிருந்து ஊகித்து நிரப்புகிறது. கண் பளிச்சென்று வரும், அது உங்கள் தாத்தாவின் கண்ணாக இருக்காது. ஸ்டூடியோக்களில் கையால் வர்ணம் தீட்டிய பழைய படங்களை நாங்கள் மகிழ்ச்சியோடு வைக்கிறோம். அது அந்தக் காலத்துக் கலைஞரின் வேலை, தீட்டியது என்று பார்த்தாலே தெரியும். நீங்கள் செயலியில் செய்தது வீட்டில் இருக்கட்டும். இங்கே ஸ்கேன் செய்தபடியே, கீறலோடும் பூஞ்சைக் கறையோடும் கொண்டுவாருங்கள். வெளிச்சத்தைக் கொஞ்சம் சரிசெய்யலாம், அவ்வளவுதான்.

ஸ்டூடியோ எடுத்த படத்தை நாங்கள் காட்சிக்கு வைத்தால் உரிமைப் பிரச்சினை வருமா?

பொதுவாக வராது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் பணம் கொடுத்துத் தனக்காக எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர். தாத்தா காசு கொடுத்து எடுத்த குடும்பப் படம் தாத்தாவுடையது. ஆனாலும் ஸ்டூடியோவின் பெயர் தெரிந்தால் படத்தின் கீழே கட்டாயம் எழுதச் சொல்கிறோம். எடுத்தவருக்குச் செய்கிற மரியாதை.

மூடிப்போன ஸ்டூடியோக்களின் படங்கள் எல்லாம் என்ன ஆயின?

பெரும்பாலும் போய்விட்டன. கண்ணாடித் தட்டு நெகட்டிவ்களைச் சுரண்டிக் கழுவி, சட்டம் போடும் கண்ணாடியாக விற்றார்கள். ஃபிலிம் நெகட்டிவ் வெள்ளிக்காக எடைக்குப் போனது. மிச்சத்தைக் கரையான் தின்றது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் நிலையிலுள்ள ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களையும் வீடுகளையும் தேடிப் போய், பழைய தமிழ்க் குடும்பப் படங்களை டிஜிட்டலாக்கியிருக்கிறார்கள். இந்திய அளவில் அனுஷா யாதவ் 2010இல் தொடங்கிய இந்தியன் மெமரி புராஜெக்ட், குடும்பப் படத்தையும் அதன் கதையையும் சேர்த்து இணையத்தில் வைத்தது. எங்கள் மாணவர்களுக்கு முதல் வகுப்பில் இந்த இரண்டையும் காட்டுகிறேன். உங்கள் ஊரில் மூடிய ஸ்டூடியோ இருந்தால் அந்த வீட்டுக்காரரிடம் ஒரு தடவை போய் விசாரித்துப் பாருங்கள்.

படத்துக்குக் கீழே என்ன எழுத வேண்டும்?

யார், இடமிருந்து வலமாக. எங்கே. எப்போது. எடுத்தது யார். அதற்குக் கீழே பெரியவர் சொன்ன இரண்டு மூன்று வரி, அவர் பேசியபடியே. "காலத்தால் அழியாத பொக்கிஷம்" போன்ற வரிகளை நான் அடித்துவிடுவேன், வருத்தப்படாதீர்கள். அந்த வரி எந்தப் படத்துக்கும் பொருந்தும். போன ஆண்டு எல்லோரும் நின்று படித்த குறிப்பு இது: "இடமிருந்து வலம்: அய்யா, அப்பத்தா, மடியில் பெரியப்பா. சுமார் 1958, மானாமதுரை. அய்யா போட்டிருக்கும் சட்டை ஸ்டூடியோவுடையது. கீழே கட்டியிருக்கும் வேட்டி அவருடையது."

படங்களை எந்த அளவில், எப்படி மாட்டுகிறீர்கள்?

மூலப்படத்தை மாட்டுவதே இல்லை, பிரதிதான். 12க்கு 18 அங்குல மேட் தாளில் (பளபளப்பில்லாத தாள்) அச்சிட்டு சன்போர்டு என்ற லேசான பலகையில் ஒட்டுகிறோம். பளபளப்புத் தாளில் குழல்விளக்கு முகத்தின் மேலேயே விழும். காட்சிக்கூடங்களில் படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 57 அங்குலத்தில் இருக்கும்படி மாட்டுவது வழக்கம். நாங்கள் 52இல் மாட்டுகிறோம். பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் பாட்டிமார், சிலர் சக்கர நாற்காலியில் வருகிறார்கள். ஒவ்வொரு பெரிய பிரதிக்குப் பக்கத்திலும் மூலப்படத்தின் அதே அளவில் ஒரு சின்னப் பிரதி இருக்கும். உள்ளங்கைக்குள் அடங்கிய பொருளாகத்தான் அது அந்த வீட்டில் இருந்தது என்று தெரிய வேண்டும்.

வெளியாட்கள் வரலாமா? கட்டணம் உண்டா?

யார் வேண்டுமானாலும் வரலாம், கட்டணம் இல்லை. வாசலில் பெயர் எழுதிவிட்டு வாருங்கள். குழந்தைகளை அழைத்துவாருங்கள். படத்தில் இருப்பவர் உங்களுக்குத் தெரிந்தவர் என்றால் மாணவர்களிடம் சொல்லுங்கள்; போன முறை வந்த ஒரு பெரியவர், பெயர் தெரியாமல் மாட்டியிருந்த பள்ளிக்கூட குரூப் போட்டோவில் மூன்றாவது வரிசையில் தன்னைக் கண்டுபிடித்தார். அங்கேயே நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். முப்பத்தொரு பெயர் சொன்னார்.

படத்தைக் கொடுத்தால் பத்திரமாகத் திரும்ப வருமா?

உங்கள் முன்னாலேயே ஸ்கேன் செய்து, உங்கள் கையிலேயே அப்போதே திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். எந்த வீட்டுப் படத்தையும் ஓர் இரவுகூட நாங்கள் வைத்துக்கொள்வதில்லை. அம்மாச்சி படத்துக்குப் பிறகு நான் வைத்துக்கொண்ட ஏற்பாடு இது.

எப்போது தேட ஆரம்பிக்க வேண்டும்?

போகிக்கு முன்னால். வெள்ளையடிக்க வீட்டை ஒழிக்கும்போதுதான் பரணில் இருந்து எல்லாம் கீழே வரும். பழையன கழிதல் என்று பாயோடும் முறத்தோடும் சேர்ந்து நெருப்புக்குப் போகிற பைகளில், நீண்ட நாளாகப் பிரிக்காத ஒரு ஜவுளிக்கடைப் பை இருக்கும். உள்ளே கல்யாணப் பத்திரிகைகள், பழைய ரேஷன் கார்டு, நடுவில் நாலைந்து படம். நீங்கள் ஊர் போய்ச் சேர்வதற்குள் அது வாசலுக்கு வந்துவிடலாம். அதனால் மார்கழி பாதியிலேயே வீட்டுக்குப் போன் செய்து, அந்தப் பையை மட்டும் பீரோவுக்குள் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். நான் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிடுங்கள்.